மாரடைப்புக்குப் பிறகு அப்பாவின் கிரியாட்டினின் ஏன் ஏறியது?

வைகைக்கரை கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு வயது 64. மூன்று வாரங்களுக்கு முன் ஒரு மாலையில் அவருக்கு நெஞ்சை அழுத்துவது போல வலி வந்தது. வாயுப்பிடிப்பு என்று நினைத்து ஓமத்தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துவிட்டார். விடியற்காலையில் உடல் முழுதும் வியர்த்து மூச்சு வாங்கிய பிறகுதான் மருத்துவமனைக்குக் கொண்டுசென்றோம். ஆஞ்சியோகிராம் எடுத்துப் பார்த்ததில், இதயத்தின் முன்பக்கத்துக்கு ரத்தம் கொண்டுசெல்லும் குழாய் முழுதாக அடைபட்டிருந்தது. உடனே ஸ்டென்ட் வைத்தார்கள். எக்கோவில் பம்பிங் (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு) 38 சதவீதம் என்று வந்தது.

சேர்க்கும்போது, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அளவான கிரியாட்டினின் 1.1 ஆக இருந்தது. மூன்றாம் நாள் 1.7, ஐந்தாம் நாள் 1.9. சிறுநீர் மிகவும் குறைந்து, இரண்டு கால்களும் வீங்கின. "உப்பு கூடியிருக்கிறது" என்று செவிலியர் சொன்னதைக் கேட்டு, சாப்பாட்டு உப்பைத்தான் சொல்கிறார் என்று அம்மா கஞ்சியில் கூட உப்புப் போடாமல் கொடுத்தார். எட்டாம் நாள் வீடு திரும்பியபோது கிரியாட்டினின் 1.5.

அடைப்பு வந்தது இதயத்தில். இதற்கு முன் சிறுநீரகத்தில் எந்தக் குறையும் இல்லாதவருக்கு அது ஏன் பாதிக்கப்பட்டது? ஆஞ்சியோகிராமுக்குச் செலுத்திய மருந்துதான் காரணம் என்கிறார் சித்தப்பா. நாளுக்கு நான்கு லிட்டர் தண்ணீர் குடித்தால் சிறுநீரகம் கழுவிச் சுத்தமாகிவிடும் என்றும், இதயத்துக்காகக் கொடுத்திருக்கும் ராமிப்ரில் மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும், அதை நிறுத்திவிடுங்கள் என்றும் சொல்கிறார். மருத்துவமனைத் தாளிலோ ஒன்றரை லிட்டருக்கு மேல் குடிக்கக் கூடாது, ராமிப்ரிலை விடாமல் போட வேண்டும் என்று இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


நொய்யல் மறுமொழி:

உங்கள் அப்பா இதைக் கடந்து வீடு திரும்பியிருப்பது நல்ல செய்தி. சிறுநீரகப் பிரிவில் பல ஆண்டுகளாகப் பணிபுரியும் மருத்துவன் என்ற முறையில், என்ன நடந்திருக்கும் என்பதைப் பொதுவாக விளக்குகிறேன். அவரை நேரில் பார்த்து மருந்து எழுதியவர்களின் சொல்லுக்கு மாற்றாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஓய்வாக இருக்கும் ஒருவரின் இதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தத்தை வெளியே தள்ளுகிறது. அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது ஒரு லிட்டருக்குக் குறையாத ரத்தம், இரண்டும் சேர்ந்து 300 கிராம் அளவே எடையுள்ள சிறுநீரகங்களுக்குப் போகிறது. இவ்வளவும் அவற்றின் சொந்த உணவுக்காக அல்ல, வடிகட்டுவதற்காக. ஒரு நாளில் ஏறக்குறைய 180 லிட்டர் நீர் வடிக்கப்பட்டு, அதில் ஒன்றரை லிட்டர் போல மட்டும் சிறுநீராக வெளியேறுகிறது. மீதி முழுவதும் ரத்தத்துக்கே திரும்புகிறது. இதயத்தின் தள்ளுவிசை குறைந்த உடனேயே அதை உணரும் உறுப்புகளில் சிறுநீரகம் முன்வரிசையில் இருப்பது இதனால்தான்.

ஆனால் சிறுநீரகத்துக்கு இதயத்தில் என்ன நடந்தது என்று தெரிய வழியில்லை. தன்னிடம் வந்து சேரும் ரத்தத்தின் அழுத்தமும் அளவும் குறைந்துவிட்டன என்பது மட்டுமே அதற்குத் தெரியும். உடலில் வெட்டுப்பட்டு ரத்தம் கொட்டும்போதும், கடும் வயிற்றுப்போக்கில் நீர் வற்றும்போதும் அதற்குக் கிடைப்பது இதே செய்திதான். ஆகவே மாரடைப்பிலும் அது ரத்த இழப்புக்கு உரிய வேலையைத் தொடங்கிவிடுகிறது.

முதலில், ரத்தத்தை வடிகட்டும் நுண்ணிய குழாய்ச் சுருளான வடிமுடிச்சுக்கு உள்ளே வரும் நுண்குழாயின் சுவரில் இருக்கும் சிறப்புச் செல்கள் ரெனின் என்னும் பொருளைச் சுரக்கின்றன. கல்லீரல் உண்டாக்கிய ஒரு புரதத்தை ரெனின் வெட்ட, நுரையீரலின் ரத்தக் குழாய்களில் அதிகம் இருக்கும் இன்னொரு நொதி அதை மேலும் நறுக்க, ஆஞ்சியோடென்சின்-2 உருவாகிறது. இது உடலெங்கும் குழாய்களைச் சுருக்கி ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. சிறுநீரகத்துக்குள் இது செய்யும் வேலை நுட்பமானது. வடிமுடிச்சிலிருந்து ரத்தம் வெளியேறும் நுண்குழாயை அது கூடுதலாக இறுக்குகிறது. வாய்க்காலில் தண்ணீர் குறையும் காலத்தில் கீழ்மடைக்குப் பலகை போட்டு மட்டத்தை உயர்த்தி மேட்டு வயலுக்குப் பாய்ச்சுவதை நீங்கள் உங்கள் பக்கத்தில் பார்த்திருப்பீர்கள். அதே போல, வரத்து குறைந்தாலும் வடிமுடிச்சுக்குள் அழுத்தம் விழுந்துவிடாமல் காத்து, வடிகட்டும் வேலை ஓரளவு தொடர்ந்து நடக்கும்படி அது பார்த்துக்கொள்கிறது.

அடுத்து, சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியிலிருந்து ஆல்டோஸ்டிரோன் வருகிறது. அது உப்பை வெளியே விடாமல் பிடித்துவைக்கிறது. மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வரும் வாசோபிரசின் தண்ணீரைப் பிடித்துவைக்கிறது, தாகமும் கூடுகிறது. உங்கள் அப்பாவுக்குச் சிறுநீர் குறைந்ததில் பெரும்பங்கு இதனால் இருக்கலாம். சிறுநீர் குறைந்ததைப் பார்த்தவுடன் சிறுநீரகம் செயலிழந்துவிட்டது என்று குடும்பத்தார் அஞ்சுவது இயல்பு. ஆனால் முதல் நாட்களில் அது பல நேரங்களில், சிறுநீரகம் தன் முழுத் திறனோடு உப்பையும் நீரையும் காத்துக்கொண்டிருப்பதன் அடையாளம்.

சிக்கல் இதற்குப் பிறகுதான். உண்மையில் உங்கள் அப்பாவுக்கு ரத்தம் குறையவில்லை. அதைத் தள்ளும் விசைதான் குறைந்தது. சேர்த்துவைத்த நீரைத் தாங்க முடியாமல் இதயம் திணற, அது நுரையீரலிலும் கால்களிலும் தேங்குகிறது. பெரிய சிரைகளில் அழுத்தம் ஏறி, அது பின்னோக்கிச் சிறுநீரகச் சிரை வரை போகிறது. நெகிழாத உறைக்குள் இருக்கும் சிறுநீரகம் உள்ளுக்குள்ளேயே வீங்கி நெருக்கப்படுகிறது. முன்புறம் வரத்து குறைவு, பின்புறம் வடிகால் அடைப்பு என்று இரண்டும் சேர்ந்து வடிகட்டலைக் குறைத்துவிடுகின்றன. நீர் பிரிக்கும் ஊசி போட்ட பிறகு சில நோயாளிகளுக்குக் கிரியாட்டினின் இறங்குவது இதனால்தான். உடல் வீங்கியிருக்கும்போது சிறுநீரகத்துக்குத் தேவை நீர் அல்ல, நெரிசலிலிருந்து விடுதலை. ஆகவே நான்கு லிட்டர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். பம்பிங் 38 சதவீதம் உள்ள ஒருவருக்கு அது நுரையீரலில் நீர் கோத்து, நள்ளிரவில் மூச்சுத் திணறலோடு மருத்துவமனைக்கு ஓட வைக்கும்.

செவிலியர் சொன்ன "உப்பு" பற்றியும் ஒரு சொல். நம் ஊரில் யூரியா, கிரியாட்டினின் இரண்டையும் உப்பு என்றே சொல்லிப் பழகிவிட்டோம். கிரியாட்டினின் தசைகளிலிருந்து வரும் கழிவு. சாப்பாட்டு உப்போடு அதற்குத் தொடர்பு இல்லை. அம்மா உப்பைக் குறைத்தது வேறு காரணத்தால் நல்லதே என்றாலும், முழுவதுமாக நீக்க வேண்டியதில்லை. ஊறுகாய், அப்பளம், கருவாடு, கடையில் வாங்கும் காரவகை ஆகியவற்றை விட்டாலே பெரும்பகுதி குறைந்துவிடும்.


தாமிரபரணி மறுமொழி:

மருத்துவர் ஐயா சொன்னதோடு, உடலியங்கியல் கற்பிப்பவள் என்ற முறையில் சிறிது சேர்க்க விரும்புகிறேன். ராமிப்ரில் சிறுநீரகத்தைக் கெடுக்கும் மருந்து என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அந்த மருந்து வந்த வழியைத் தெரிந்துகொண்டால் அந்த அச்சம் கொஞ்சம் தணியும்.

ரெனினைக் கண்டவர்கள் ராபர்ட் டிகர்ஸ்டெட், பெர் பெர்க்மன் என்னும் இருவர். 1898-இல் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில், முயலின் சிறுநீரகத்திலிருந்து எடுத்த சாற்றை வேறு முயல்களுக்குச் செலுத்தியபோது ரத்த அழுத்தம் ஏறியதை அவர்கள் கண்டார்கள். பல பத்தாண்டுகள் அதை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1934-இல் ஹாரி கோல்ட்பிளாட் நாய்களின் சிறுநீரகத் தமனியைக் கவ்வியால் இறுக்கி, அதனால் உடல் முழுவதும் ரத்த அழுத்தம் நிலையாக உயர்வதைக் காட்டினார். ரத்தம் குறைந்ததாகச் சிறுநீரகத்தை நம்பவைத்தால் போதும், அது உடலையே அதற்கேற்ப மாற்றிவிடும் என்பது அப்போது தெளிவாயிற்று. மாரடைப்பில் நடப்பதும் ஏறக்குறைய அதுதான். அங்கே கவ்வி இருந்த இடத்தில் இங்கே வலுவிழந்த இதயம் இருக்கிறது.

ஆஞ்சியோடென்சினை உண்டாக்கும் நொதியைத் தடுக்கும் மருந்துக்கான தடயம் பிரேசிலின் ஜராராக்கா என்னும் விரியன் பாம்பின் நஞ்சிலிருந்து கிடைத்தது. அந்த வழியில் உருவான கேப்டோப்ரில் அமெரிக்காவில் 1981-இல் ஒப்புதல் பெற்றது. மாரடைப்புக்குப் பின் பம்பிங் 40 சதவீதமோ அதற்கும் குறைவாகவோ இருந்த 2,231 பேரிடம் அதைச் சோதித்த ஆய்வின் முடிவு 1992-இல் வெளிவந்தது; இறப்பு 19 சதவீதம் குறைந்திருந்தது. மறு ஆண்டு, மாரடைப்பைத் தொடர்ந்து இதயச் செயலிழப்பின் அறிகுறி காட்டிய 2,006 பேரிடம் அதே வகை மருந்தான ராமிப்ரிலைச் சோதித்ததில் இறப்பு 27 சதவீதம் குறைந்தது. உங்கள் அப்பாவின் நிலை இந்த இரண்டு ஆய்வுகளிலும் இருந்தவர்களின் நிலைக்கு மிக அருகில் இருப்பதால்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

முதல் சில மணி நேரம் உயிரைக் காத்த அதே ஆஞ்சியோடென்சினும் ஆல்டோஸ்டிரோனும் மாதக்கணக்கில் ஓங்கி நின்றால், இதயத் தசையில் நார் படிந்து, அறை விரிந்து, பம்பிங் இன்னும் சரியும். ராமிப்ரில் அந்த நீண்டகாலச் சேதத்தைத்தான் தடுக்கிறது.

இதயமும் இதில் வாளாவிருப்பதில்லை என்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் செய்தி. 1981-இல் அடோல்ஃபோ டி போல்ட் என்பவரும் அவருடன் பணியாற்றியவர்களும், எலியின் இதய மேலறையிலிருந்து எடுத்த சாற்றை வேறு எலிகளுக்குச் செலுத்தினார்கள். அவை உப்பையும் நீரையும் ஏராளமாக வெளியேற்றின. அறைகள் விரிந்து இழுபடும்போது, "உப்பை விட்டுவிடு" என்று இதயமே சிறுநீரகத்துக்குச் சொல்லி அனுப்பும் ஹார்மோன் அது. பெரிய மாரடைப்பில் உப்பைப் பிடித்துவைக்கச் சொல்லும் ஆஞ்சியோடென்சின், ஆல்டோஸ்டிரோனின் குரல் ஓங்கிவிடுவதால் இந்தச் செய்தி போதிய அளவு எடுபடுவதில்லை.


பொன்னி மறுமொழி:

தம்பி, நான் மருத்துவம் படித்தவள் அல்ல. எனக்கு 2019-இல் மாரடைப்பு வந்தது. அப்போது கிரியாட்டினின் 2.1 வரை ஏறி, இரண்டு மாதங்களில் 1.3-இல் நின்றது. இன்றுவரை அங்கேயே இருக்கிறது. அந்த நாட்களில் நான் செய்த ஒரு தவறு உங்கள் வீட்டில் நடந்துவிடக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

சாப்பாட்டில் உப்பைக் குறைக்கச் சொன்னார்கள் என்று, இதயத்துக்கு நல்லது என அச்சிட்டிருந்த சோடியம் குறைந்த உப்பை வாங்கிப் பயன்படுத்தினேன். உடம்புச் சூட்டுக்கு நாள்தோறும் இளநீரும் குடித்தேன். நான் போட்டுக்கொண்டிருந்ததும் ராமிப்ரில்தான். கூடவே ஸ்பைரோனோலாக்டோன் என்ற மாத்திரையும் இருந்தது. இரண்டுமே பொட்டாசியத்தை உடம்பில் தேக்கக்கூடியவை. ஐந்தாவது வாரம் கால்கள் துவண்டு, படியேற முடியாமல் போயிற்று. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் பொட்டாசியம் 6.4. அது இன்னும் ஏறியிருந்தால் இதயத் துடிப்பே தடுமாறி நின்றிருக்கலாம் என்று மருத்துவர் சொன்னபோது எனக்குக் கை நடுங்கியது. அந்த உப்பில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் கலந்திருக்கிறது என்பதையும், இளநீரில் அது நிறைய உண்டு என்பதையும் அன்றுதான் தெரிந்துகொண்டேன். நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் அன்போடு வாங்கி வருவதே இளநீர்தான். அப்பாவின் பொட்டாசியம் எவ்வளவு என்று தெரியும் வரை அதை நீங்களே குடித்துவிடுங்கள்.

இன்னொன்று, வீட்டில் எடை பார்க்கும் கருவி ஒன்று வாங்குங்கள். காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடும் முன், ஒரே வகை உடுப்போடு நிறுத்துப் பார்த்து நாட்காட்டியில் எழுதுங்கள். இரண்டு மூன்று நாட்களில் இரண்டு கிலோ ஏறினால் அது சதையல்ல, தண்ணீர். எனக்கு ஒருமுறை கால் வீங்குவதற்கு முன்பே எடை காட்டிக்கொடுத்தது; மருத்துவமனையில் சேராமலே மாத்திரை அளவை மாற்றிச் சரிசெய்தார்கள்.


வைகைக்கரை கேட்டது:

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். கீழ்மடைப் பலகை என்றதும் அவருக்கு உடனே புரிந்துவிட்டது. இளநீரை நிறுத்திவிட்டோம்.

இன்னும் மூன்று கேள்விகள் இருக்கின்றன. ஆஞ்சியோகிராம் மருந்தால் பாதிப்பு உண்டா, இல்லையா? 1.5 என்ற அளவு இப்படியே நின்றுவிடுமா, பழையபடி இறங்குமா? கடைசியாக, அப்பாவுக்கு முழங்கால் வலி உண்டு. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் டைக்லோஃபினாக் மாத்திரையை வாரத்தில் மூன்று நாளாவது போடுவது அவர் வழக்கம். நேற்றும் கேட்டார். கொடுக்கலாமா?


நொய்யல் மறுமொழி:

கடைசிக் கேள்விதான் மிக அவசரமானது. டைக்லோஃபினாக் வேண்டாம், இன்றே வீட்டிலிருந்து அதை அப்புறப்படுத்துங்கள். மாரடைப்பு வந்தவருக்கு அது மறுபடி மாரடைப்பு வரும் வாய்ப்பைக் கூட்டும் என்பது ஒரு பக்கம். சிறுநீரகத்தில் அது செய்வது வேறு. வரத்து குறைந்த சிறுநீரகம், ப்ராஸ்டாகிளாண்டின் என்னும் பொருளைக் கொண்டு உள்ளே வரும் நுண்குழாயை விரித்து வைத்துத் தன்னைக் காத்துக்கொள்கிறது. டைக்லோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் அதைத் தடுத்துவிடும், மேல்மடை சுருங்கும். ராமிப்ரில் ஏற்கெனவே கீழ்மடைப் பலகையைத் தளர்த்தியிருக்கிறது. நீர் பிரிக்கும் மாத்திரையும் சேர்ந்தால் வாய்க்காலில் வரத்தும் குறையும். இம்மூன்றையும் ஒன்றாகப் போட்டுவிட்டுக் கிரியாட்டினின் 5, 6 என்று வந்து நிற்பவர்களை நான் தொடர்ந்து பார்த்துவருகிறேன். முழங்கால் வலிக்குப் பாராசிட்டமால் பொதுவாகப் பாதுகாப்பானது. அளவை அவருடைய மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆஞ்சியோகிராம் மருந்தைப் பற்றி உறுதியாக ஆம் என்றோ இல்லை என்றோ உங்கள் அப்பாவின் எண்களை மட்டும் வைத்துப் பிரித்துச் சொல்ல இயலாது. அந்த மருந்தால் வரும் பாதிப்பில் கிரியாட்டினின் 2, 3 நாட்களுக்குள் ஏறத் தொடங்கி, மூன்றிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் உச்சம் தொட்டு, பெரும்பாலும் இரண்டு வாரங்களுக்குள் இறங்கும். உங்கள் அப்பாவின் எண்களும் அப்படித்தான் போயிருக்கின்றன. ஆனால் முதல் இரவு முழுதும் குறைந்த அழுத்தத்தில் இருந்த சிறுநீரகமும் இதே வரிசையில்தான் ஏறி இறங்கும். ஆஞ்சியோகிராமே செய்யாத மாரடைப்பு நோயாளிகளுக்கும் கிரியாட்டினின் ஏறுவதைக் காண்கிறோம். வடிகட்டும் திறன் சட்டென்று பாதியானாலும் ரத்தத்தில் கிரியாட்டினின் மெல்லத்தான் சேரும். மூன்றாம் நாள் நீங்கள் பார்த்த 1.7 என்பது பெரும்பாலும் முதல் நாள் நடந்ததன் எதிரொலி. அடைபட்ட குழாயைத் திறக்காமல் விட்டிருந்தால் இதயம் இன்னும் வலுவிழந்து, சிறுநீரகத்துக்கு நேர்ந்த சேதம் இதைவிடப் பெரிதாகியிருக்கும். சித்தப்பாவுக்கு இதை மட்டும் அமைதியாகச் சொல்லுங்கள்.

இறங்குமா என்ற கேள்விக்கு வருகிறேன். சிறுநீரகத்தின் உட்பகுதிக்கு இயல்பாகவே ஆக்சிஜன் குறைவாகத்தான் கிடைக்கிறது. அங்கே ஓடும் நுண்குழல்களின் செல்கள் உப்பை மீட்டெடுக்கக் கடுமையாக உழைப்பவை என்பதால், அழுத்தம் சில மணி நேரம் குறைந்தே இருந்தால் முதலில் உதிர்பவை அவைதான். ஆனால் அவை மீண்டும் வளரக்கூடியவை; சில வாரங்களில் பலருக்கு அந்தச் சுவர் புதுப்பிக்கப்படுகிறது. 1.9-லிருந்து 1.5-க்கு இறங்கியிருப்பது நல்ல திசை. மூன்று மாதம் கழிந்த பின்னும் வடிகட்டும் திறன் குறைந்தே இருந்தால்தான் அதை நாள்பட்ட சிறுநீரக நோய் என்று சொல்வோம். அதுவரை கிரியாட்டினினோடு சிறுநீரில் ஆல்புமின் என்னும் புரதம் போகிறதா என்பதையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். உங்கள் அப்பாவுக்குச் சர்க்கரை நோய் இருந்தால் இது மிக முக்கியம்.

ராமிப்ரில் தொடங்கிய பிறகோ அளவைக் கூட்டிய பிறகோ கிரியாட்டினின் சிறிது ஏறுவது எதிர்பார்க்கப்படுவதே. 30 சதவீதம் வரை ஏறி அங்கேயே நின்றால், பொதுவாக நாங்கள் மருந்தை நிறுத்துவதில்லை. அதற்கு மேல் போனாலோ பொட்டாசியம் 5.5-ஐத் தாண்டினாலோ அளவை மாற்றுவோம். ஆகவே ஒன்று அல்லது இரண்டு வாரங்களுக்குள் இவ்விரண்டையும் பரிசோதித்துவிடுங்கள். வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்து சாப்பிட முடியாமல் போகும் நாளில், அன்றைக்கே மருத்துவரை அழைத்து ராமிப்ரிலையும் நீர் மாத்திரையையும் தற்காலிகமாக நிறுத்த வேண்டுமா என்று கேளுங்கள். மருத்துவரைக் கேட்காமல், வேறு யார் சொன்னாலும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.


வைகைக்கரை எழுதியது:

டைக்லோஃபினாக் அட்டையை அப்பாவின் சட்டைப் பையிலிருந்தே எடுத்துவிட்டேன். கோபித்துக்கொண்டார், பிறகு ஒப்புக்கொண்டார். இன்று காலை எடை 67.4 கிலோ. சமையலறை நாட்காட்டியில் அம்மா எழுதிவைத்திருக்கிறார். அவருக்குச் சர்க்கரை நோய் இல்லை. திங்கட்கிழமை கிரியாட்டினின், பொட்டாசியம், சிறுநீர் ஆல்புமின் மூன்றையும் எடுக்கிறோம். முடிவு வந்ததும் இங்கே பதிவிடுகிறேன்.